காற்றுக்கோட்டைக்குத் தண்ணீர் வந்த வழி

ராஸ் அல் கைமா மலை கேம்ப்
12-05-2006

அன்புள்ள பானுவுக்கு,

உடையப்பன் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் இருந்த இருமலும் மலைக்காற்றில் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய், வளர்மதிக்குப் பரீட்சை முடிவு வந்ததா என்று அடுத்த கடிதத்தில் முதலில் எழுது.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்து முழித்திருப்பாய். துபாய் சோனாப்பூர் கேம்பிலிருந்து எங்களில் பதினெட்டுப் பேரை இந்த மலைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே செல்போன் டவர் கிடையாது. பேச வேண்டுமென்றால் நாற்பது நிமிஷம் இறங்கி ரோட்டோரக் கடைக்குப் போக வேண்டும். அதனால் இனிமேல் கடிதம்தான். வியாழக்கிழமை சாமான் கொண்டுவரும் கம்பெனி வண்டியில் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டு வருஷமாகப் புதுக் கட்டடமே கட்டிய கை, முதல் தடவையாக ஒரு பழைய ஊரைத் தொட்டிருக்கிறது. மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, தோளில் உட்கார்ந்த மாதிரி ஒரு ஊர். எண்பத்திரண்டு கல்வீடுகள், ஒரு பள்ளிவாசல், இரண்டு காவல் கோபுரங்கள். உள்ளே நுழைய ஒரே வாசல். அதிலும் ஒரு ஆள் குனிந்துதான் போக முடியும். சண்டைக்கு வருகிறவன் முதலில் தலையை நீட்டியாக வேண்டும் இல்லையா. ஊரின் பெயர் ஹிஸ்ன் அர்ரீஹ். காற்றுக்கோட்டை என்று அர்த்தம் சொன்னார் நெய்னா முகம்மது. கீழக்கரைக்காரர், எங்கள் ஸ்டோர் கீப்பர், அரபி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரு வீட்டுக்குள் என் நெஞ்சு உயரத் தாழி இருக்கிறது. வாசலோ இரண்டடி அகலம். அதை எப்படி உள்ளே கொண்டுபோனார்கள் என்று மூன்று நாள் பேசினோம். தாழியை வைத்துவிட்டு அதைச் சுற்றி வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டின் தரை முழுக்க வாய்க்கால் வாய்க்காலாகக் கீறல். பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கி வைத்தால் பாகு தானே வடிந்து மூலைப் பானையில் சேருமாம். கீழே கடற்கரையில் துறைமுகம் இருந்த காலத்தில் இவர்கள் பேரீச்சம்பழம் கொடுத்துச் சீனப் பீங்கான் வாங்கியிருக்கிறார்கள். நீலப் பூப்போட்ட ஓடுகள் இன்றும் காலில் இடறுகின்றன.

எழுநூறு வருஷத்து ஊர் என்கிறார் சர்க்கார் தரப்பில் மேற்பார்வைக்கு வரும் அம்மா. பெயர் டாக்டர் மைதா. சிரிக்காதே, பெயரே அதுதான். ஊசி போடும் டாக்டர் இல்லை, பழைய ஊர்களைப் பற்றிப் படித்த டாக்டர். பிப்ரவரியில் ஊரைச் சுற்றுலாவுக்குத் திறக்கிறார்கள். ஒன்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. இங்கே கிணறு இல்லை, ஊற்று இல்லை. இத்தனை பேர் எதைக் குடித்தார்கள்? கீழேயிருந்து கழுதையில் சுமந்திருப்பார்கள் என்கிறார் எஞ்சினியர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உடையப்பன்

*

உலகணிப்பட்டி
03-06-2006

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

பானுமதி எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீங்கள் கேட்டபடி முதல் செய்தி: வளர்மதி ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள், கணக்கில் தொண்ணூற்றொன்று. உங்கள் இருமல் போனதே பெரிய நிம்மதி.

உங்கள் கடிதத்தைப் பூவாயி அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். தாழியைச் சுற்றி வீடு கட்டியதைக் கேட்டு, "நம்மாளுக வீட்டைக் கட்டிப்புட்டுல்ல கட்டில் நுழையலம்பாங்ய" என்று சிரித்தது.

கழுதை சுமந்தது என்றாரே உங்கள் எஞ்சினியர், அவர் வீட்டில் யார் தண்ணீர் சுமக்கிறார்கள் என்று கேளுங்கள். எண்பத்திரண்டு வீட்டுக்குக் கழுதை சுமந்தால், அந்தக் கழுதைகள் குடிக்க யார் சுமப்பது? எனக்கு அது நம்பிக்கையாக இல்லை.

இங்கே ஊருணி இந்த வருஷமும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஐந்து வருஷமாக அது நிறையவில்லை. அதற்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மறித்துப் போட்ட வேலியை வீரபாண்டி எடுப்பதாக இல்லை. பிரசிடெண்ட் அவரே என்றால் யாரிடம் சொல்வது? மோட்டார்க் கிணற்றுக்கு நடக்கிறோம். நடப்பதால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள்.
பானுமதி

*

மலை கேம்ப்
28-06-2006

பானுவுக்கு அன்புடன்,

நான் சுகம். கணக்கில் தொண்ணூற்றொன்று என்றதும் கேம்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையின் கண்வலி சரியாகிவிட்டதா? நீ எழுதவில்லை, பக்கத்து வீட்டு மாமா போனில் சொன்னார்.

உன் கழுதைக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஊருக்கு மேல்பக்கம் நாற்பதடி நீளம், இருபதடி அகலத்தில் ஒரு பள்ளம். முழுக்க இடிபாடு. இடிந்த கிடங்கு என்று பிளானில் போட்டிருக்கிறது. அதைக் கல் போட்டு நிரப்பி, கான்கிரீட் தளம் போட்டு, ஜெனரேட்டரும் காப்பிக் கடையும் வைக்கப் போகிறார்கள். மேலே கிடந்த கல்லை அள்ளும் வேலை எனக்கும் நான்கு பேருக்கும்.

ஆறடி ஆழத்தில் என் மண்வெட்டி மெத்தென்று இறங்கியது. அள்ளிப் பார்த்தால் வண்டல். அப்பளம் அடுக்கின மாதிரி, மெல்லிசு மெல்லிசாக, ஏடு ஏடாக. நம் ஊருணியில் தூர் வாரும்போது பார்ப்போமே, அதே வண்டல். கிடங்கில் வண்டல் எப்படி வரும்? சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்புப் பூச்சு, முட்டை ஓடு போல வழவழப்பு. மேற்குச் சுவரில் தோள் உயரத்தில் ஒரு கல் துவாரம். பானு, அது கிடங்கு இல்லை. தண்ணீர்த் தொட்டி. மழைத் தண்ணீரை வாங்கி வைத்த ஊருணி.

போர்மேன் நாகலிங்கத்திடம் சொன்னேன். பட்டுக்கோட்டைக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தவர். "நமக்கு எதுக்குய்யா? நெரப்புன்னா நெரப்பு. கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார். நெய்னா பாயிடம் போனேன். அவர் அன்றைக்கே டாக்டர் மைதாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா உள்ளே இறங்கி, வண்டலை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எஞ்சினியர் வந்து, பிளான் ஒப்புதல் ஆகிவிட்டது, மழை பெய்யாத மலையில் மழைத் தொட்டி எதற்கு என்று கத்தினார். கடைசியில் ஒரு முடிவு. நோன்பு மாதம் பிறப்பதற்குள், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், இது தண்ணீர்த் தொட்டி என்று காட்டினால் இருக்கும். காட்டாவிட்டால் கான்கிரீட். காட்ட வேண்டிய ஆள் நான்.

பயமாகத்தான் இருக்கிறது. பூவாயியைக் கேட்டதாகச் சொல்.
உடையப்பன்

*

உலகணிப்பட்டி
20-07-2006

மச்சானுக்கு,

வளர்மதியின் கண்வலி போய்விட்டது. எனக்கும் சுகமே. உங்களுக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா?

எனக்கு நிறையக் கேள்வி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள். தண்ணீர் எந்தப் பாறையிலிருந்து இறங்குகிறது? வரத்துக்கால் எத்தனை அடி அகலம்? வாட்டம் பத்தடிக்கு எத்தனை விரல்? தொட்டிக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு குழி இருக்கிறதா? காலுக்குக் குறுக்கே எவனாவது வீடு கட்டினால் அந்த ஊரில் என்ன செய்தார்கள் என்று அந்த டாக்டர் அம்மாவுக்குத் தெரியுமா? முடிந்தால் படம் வரைந்து அனுப்புங்கள். பெரிதாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

ஏன் இதெல்லாம் என்று கேட்காதீர்கள். தெரிந்துகொள்ளத்தான்.

பயப்பட வேண்டாம். வண்டல் பொய் சொல்லாது. நீங்களும் மண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பானுமதி

*

மலை கேம்ப்
14-08-2006

பானுவுக்கு,

எனக்குச் சுகம். வேலை அதிகம் என்பதால் நான் சொல்லச் சொல்ல நெய்னா பாய் எழுதுகிறார். நீங்கள் இருவரும் சுகம்தானே.

கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. அதுவும் பாய் வரைந்ததே. பாறையை ஒட்டி முந்நூறு அடி நீளத்துக்கு ஒற்றையடிப் பாதை என்று எல்லாரும் நினைத்தது, பாதை இல்லை, தண்ணீருக்கு வெட்டிய வரத்துக்கால். ஒன்றேகால் அடி அகலம். வாட்டம் பத்தடிக்கு இரண்டு விரல். தொட்டிக்கு முன்னால் வண்டல் குழியும் இருக்கிறது. குறுக்கே கட்டினால் என்ன செய்தார்கள் என்று டாக்டரைக் கேட்டேன். "தண்ணீரை மறித்தவனை அந்த வாசலுக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்" என்றார்.

அதிகாலையில் ஆறு பேர் அந்த வரத்துக்காலைச் சுத்தம் செய்தோம். மழைக்குக் காத்திருக்க முடியாதே. போன சனிக்கிழமை பதான் டிரைவர் ஒருவர் இரண்டு டேங்கர் தண்ணீர் கொண்டுவந்தார். மோட்டாரும் பைப்பும் வைத்து மேல் பாறையில் விட்டோம். எஞ்சினியர், டாக்டர், எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் அழகாக ஓடி வந்தது. பாதி தூரத்தில், ஒரு வளைவில், காணாமல் போனது. பக்கத்துச் சரிவில் வழிந்து அப்படியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. தொட்டிக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"பானி மாஃபி" என்றார் எஞ்சினியர், தண்ணீர் இல்லை என்று கையை விரித்து. நாலைந்து பேர் சிரித்தார்கள். நாகலிங்கம் தரையைப் பார்த்தார். வளைவில் சிமெண்ட் பூசலாம் என்றால் டாக்டர் விடவில்லை. பழைய ஊரில் இல்லாததைச் சேர்த்துவிட்டு அதைச் சான்று என்று காட்ட முடியாது என்கிறார். அதுவும் நியாயம்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

உடையப்பன்

தங்கச்சிக்கு நெய்னா முகம்மது சலாம் சொல்லி எழுதுவது. உங்க வீட்டுக்காரர் இதைச் சொல்லாதே என்றார். வரத்துக்காலைச் சுத்தம் பண்ணும்போது கல் உருண்டு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது, எலும்பு கூடிவிடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆபத்து இல்லை. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

*

உலகணிப்பட்டி
01-09-2006

மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கை எப்படி இருக்கிறது? பாயின் மேல் கோபப்படாதீர்கள். அவர் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை வேலை இருந்தாலும் நீங்கள் வேறொருவர் கையால் எழுதியதில்லை. இனி எதையும் என்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை விடுங்கள்.

இப்போது வளைவைப் பற்றி. போன வாரம் நானும் பத்துப் பெண்களும் நம் வரத்துக்காலை ஊருணியிலிருந்து காட்டு ஓடை வரைக்கும் நடந்து பார்த்தோம். பாதியில் ஒரு வளைவு. அங்கே காலின் பக்கச் சுவரில் வாய் திறந்த மாதிரி ஒரு இடைவெளி. இடிந்துபோயிருக்கிறது என்றேன். ஆடு மேய்க்கப் போகிற பூவாயி அக்கா, "இடியலடி, இது கழிவு மடை" என்றது. வருஷத்தின் முதல் மழையில் ஆட்டுப் புழுக்கையும் சருகும் பாம்புச் சட்டையுமாக வருமாம். அந்த அழுக்குத் தண்ணீரை ஊருணிக்குள் விடாமல் அந்த வாய் வழியாகக் காட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் தெளிந்ததும் ஒரு பலகைக் கல்லை வாயில் சொருகிவிடுவார்கள். அந்தக் கல் காணாமல் போனால் எல்லாத் தண்ணீரும் காட்டுக்குத்தான். வீரபாண்டி வேலியால் நாம் இழந்தது பாதி, அந்தக் கல் இல்லாமல் இழந்தது மீதி.

குடிக்கிற தண்ணீரை அவ்வளவு கவனமாகச் சேர்த்தவர்கள் கழுதை விட்டையோடா குடித்திருப்பார்கள்? உங்கள் வளைவில் தண்ணீர் தானாகக் காணாமல் போகவில்லை. போகச் சொல்லி வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கல்லைச் சொருகக் காடி வெட்டியிருக்கும். பாருங்கள். கல்லும் அதிக தூரம் போயிருக்காது.

எனக்குக் கொஞ்ச நாளைக்கு எழுத நேரம் இருக்காது. கவலைப்பட வேண்டாம்.
பானுமதி

*

மலை கேம்ப்
24-09-2006

என் பானுவுக்கு,

இது என் கைதான். எழுத்துக் கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொள். கட்டு பிரித்துவிட்டார்கள், விரல் மடங்குகிறது. உங்கள் சுகத்துக்கு எழுது.

கடிதம் வந்தது 14-ஆம் தேதி. டீ குடிக்கும் நேரத்தில் படித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வளைவுக்கு ஓடினேன். மண்ணைத் துடைத்துப் பார்த்தால் காடி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உளி வைத்து வெட்டினது. கல்லைத் தேடிச் சரிவில் இரண்டு நாள் இறங்கினோம். பதினைந்தடி கீழே முள்ளுக்குள் கிடந்தது, தூக்குவதற்கு இரண்டு கை பிடிக்கிற துளையோடு. நாகலிங்கமே ஒரு பக்கம் பிடித்துச் சுமந்து வந்தார். காடியில் இறக்கினோம். உறைக்குள் கத்தி போகிற மாதிரி இறங்கியது. ஓரத்துக்கு மலை மண்ணையே குழைத்து அடைத்தோம்.

20-ஆம் தேதி மறுபடி டேங்கர். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். தண்ணீர் பாறையில் இறங்கியது, வரத்துக்காலில் திரும்பியது, வளைவுக்கு வந்தது. வளைவைத் தாண்டிற்று. "யல்லா, யல்லா" என்று பதான் டிரைவர் தண்ணீரோடு கூடவே ஓடிவருகிறார். வண்டல் குழி நிறைந்தது. பிறகு தோள் உயரத் துவாரத்தில் முதலில் காற்று சீறியது, அப்புறம் தண்ணீர் கொட்டியது. தொட்டித் தரையில் அது விழுந்த சத்தத்தை எந்த வார்த்தையில் எழுத என்று தெரியவில்லை.

டாக்டர் மைதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஞ்சினியர் என் தோளில் தட்டி, "அச்சா கியா, பாய்" என்று பாராட்டினார். பிளானில் கான்கிரீட் என்று இருந்ததை அங்கேயே சிவப்புப் பேனாவால் அடித்தார். என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கப் போவது இந்தத் தொட்டியைத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று முதல் நோன்பு. பாய் வெறும் வயிற்றோடு சிரித்துக்கொண்டே திரிகிறார்.

உடனே எழுது.
உடையப்பன்

*

மலை கேம்ப்
16-10-2006

பானுவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. மூன்று வெள்ளிக்கிழமை கீழே இறங்கிப் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் வளர்மதிதான் வந்தாள். "அம்மா வெளிய போயிருக்குப்பா" என்றாள். எங்கே என்றால், "வேலையா" என்றாள். என்ன வேலை என்றால் போனை வைத்துவிட்டாள். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

உடம்பு முடியாமல் கிடக்கிறாயா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் லீவு கேட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.

உடையப்பன்

*

உலகணிப்பட்டி
21-10-2006

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. வளர்மதியைத் திட்டாதீர்கள். சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். உட்கார்ந்து படியுங்கள்.

இந்தத் தடவை நம் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு வந்தது. வீரபாண்டி தன் மனைவி ராக்கம்மாவை நிறுத்தினார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நான் நின்றேன். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு முந்நூற்று நாற்பத்தொன்பது. முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்தேன்.

ஜூலையிலேயே முடிவு பண்ணிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் சொல்கிறேன். 2002-இல் நீங்கள் லீவில் வந்திருந்தபோது கிராமசபைக் கூட்டத்தில் நான் எழுந்து வரத்துக்காலைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காரு, நமக்கு எதுக்கு" என்றீர்கள். நான் உட்கார்ந்தேன். ஊரே பார்த்தது. இந்தத் தடவை கேட்டிருந்தால் அதையேதான் எழுதியிருப்பீர்கள், நான் மறுபடி உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

நெய்னா பாய் வரைந்த படத்தைப் பெரிய அட்டையில் வரைந்து வளர்மதி தெருத்தெருவாகத் தூக்கி வந்தாள். மழையே பெய்யாத மலையில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எண்பது வீடு தண்ணீர் குடித்திருக்கிறது, நம் ஊரில் வருஷா வருஷம் மழை பெய்தும் நாம் குடம் தூக்குகிறோம், ஏன் என்று கேட்டேன். வேறு ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கிடைத்த சின்னம் மூக்குக்கண்ணாடி. "புருசன் துபாய்ல மண்ணு சுமக்குறான், இது ஊரை ஆளப் போகுதாக்கும்" என்று வீரபாண்டி டீக்கடையில் பேசினார். அதைக் கேட்டுவிட்டுப் பூவாயி அக்கா, "அந்த மண்ணுல தண்ணிய வரவச்சவன்டா அவன்" என்றது. நீங்கள் தொட்டியில் தண்ணீர் கொட்டியதை எழுதிய கடிதம் ஓட்டுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. அதை எத்தனை வீட்டில் வாசித்தேன் என்று கணக்கில்லை. தொண்டை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோபம் இருந்தால் எழுதிவிடுங்கள். ஆனால் உட்காரச் சொல்லி எழுதாதீர்கள்.

பானுமதி

*

மலை கேம்ப்
12-11-2006

உலகணிப்பட்டி ஊராட்சித் தலைவருக்கு,

உன் தொண்டை சரியாயிற்றா? சுக்குத் தட்டிப் போட்டுக் குடி. நான் சுகம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டாவது தடவை அந்த முந்தானை இடத்தில் நின்றுவிட்டேன். நான் மறந்தே போயிருந்தேன். நீ நாலரை வருஷம் அதைச் சுமந்திருக்கிறாய். போர்மேன் என்னிடம் "நமக்கு எதுக்குய்யா" என்றபோது எனக்கு எவ்வளவு சுருக்கென்றது. அதே வார்த்தையை உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன், கேம்ப் முழுக்கக் கேட்க. நாகலிங்கம் தன் கைக்காசில் பால் வாங்கிப் பாயசம் வைக்கச் சொன்னார். பதான் டிரைவருக்கு விஷயத்தை ஹிந்தியில் விளக்கினோம். "பீபி சர்பஞ்ச்" என்று, தலைவரம்மா என்ற அர்த்தத்தில், எழுந்து நின்று சலாம் வைத்தார்.

வீரபாண்டி சும்மா இருக்க மாட்டார். தனியாக எங்கும் போகாதே. வரத்துக்காலை அளக்கும்போது சர்வேயரை முன்னால் விடு.

நீ உட்கார வேண்டாம். நின்றுகொண்டே இரு.
உடையப்பன்

*

உலகணிப்பட்டி
18-12-2006

மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். நீங்கள் குளிருக்குக் கம்பளி வாங்கினீர்களா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வளர்மதி சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்.

நவம்பர் கடைசியில் தாலுகா சர்வேயர் சங்கிலியோடு வந்தார். வேலி வரத்துக்காலுக்குள் பதினோரு அடி. வீரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். அவர் ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள். நாங்கள் அறுபது பெண்கள், மண்வெட்டியோடு. யாரும் முதல் முள்ளைத் தொடவில்லை. அப்போது ராக்கம்மா வந்தது. இடுப்பில் வெறுங்குடம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, புருசனைப் பார்த்து, "நானுந்தேன் ரெண்டு மைல் நடக்கேன். என்னைய ஓட்டுக்கு நிக்கச் சொன்னீகளே, தண்ணிக்கு என்ன பண்றேன்னு ஒரு நாளு கேட்டீகளா" என்றது. பிறகு முதல் முள்கட்டை அதுவே இழுத்துப் போட்டது. வீரபாண்டி வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார். சாயங்காலத்துக்குள் வேலி இல்லை.

மறு வாரம் அடைமழை. கழிவு மடையில் புதுக் கல் போட்டிருந்தோம், காடிக்கு ஏற்றபடி. முதல் தண்ணீரைக் காட்டுக்கு விட்டு, தெளிந்ததும் கல்லைச் சொருகினோம். மூன்றாம் நாள் ஊருணியில் பதினெட்டுப் படியும் முழுகிவிட்டது.

எழுத இன்னும் இருக்கிறது, ஆனால் வாசலில் ஆள் காத்திருக்கிறார்கள்.
பானுமதி

*

மலை கேம்ப்
09-02-2007

என் பானுவுக்கு,

சுகம். கம்பளி வாங்கிவிட்டேன். பதினெட்டுப் படியும் முழுகியதைப் படித்த அன்று நான் சாப்பிடவே இல்லை, சந்தோஷத்தில் பசி தெரியவில்லை.

ஜனவரி 17 மதியம் இந்த மலையில் மழை பெய்தது. டேங்கர் தண்ணீர் இல்லை, வானத்துத் தண்ணீர். ஒன்றரை மணி நேரம். அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, நானும் நாகலிங்கமும் நனைந்துகொண்டே கல்லை இறக்கினோம். தொட்டி முக்கால்வாசி நிறைந்தது. எத்தனை நூறு வருஷத்துக்கு அப்புறமோ. டாக்டர் மைதா மழையிலேயே கார் ஓட்டி வந்து குடை இல்லாமல் நின்றார்.

அப்போதுதான் தொட்டிக்கு முன்னால் வைக்கும் பலகையின் வாசகத்தைக் காட்டினார். அரபியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. பாய் படித்துச் சொன்னார். ஊரின் வரலாறு, தண்ணீர் வந்த விதம், கடைசியில்: இதைக் கண்டறிந்தவர் உடையப்பன், சிவகங்கை.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன் பானு. செப்டம்பரில் தண்ணீர் வந்த அன்று, கல் அங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். சுற்றி நாற்பது ஆம்பிளைகள். "எங்க ஊரு வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். பெண்டாட்டி கடிதத்தில் எழுதினாள் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ ஓட்டுக் கேட்டு வீடு வீடாக என் பெயரைச் சொன்ன அதே நாட்களில் நான் உன் பெயரை விழுங்கிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினபோதும் இதை எழுதவில்லை.

அந்த மழையில் சொல்லிவிட்டேன். பெட்டியிலிருந்து உன் செப்டம்பர் முதல் தேதிக் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். பாய் ஒவ்வொரு வரியாக அரபியில் சொன்னார். பாம்புச் சட்டை, கழுதை விட்டை எதையும் விடவில்லை. டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை ஏன் நாலு மாதம் பெட்டியில் வைத்திருந்தாய்" என்றார். கடிதத்தை நகல் எடுத்து இந்த ஊரின் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பலகையை மாற்றி எழுதினார்கள். பானுமதி, உடையப்பன். உன் பெயர் முதலில். கண்டது நீ, தோண்டியது நான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை திறப்பு விழா. நூற்றைம்பது பேர் குனிந்து குனிந்து அந்த வாசலில் நுழைந்தார்கள், எஞ்சினியர் உள்பட. இந்த ஊரிலிருந்து இறங்கிப் போன குடும்பங்களின் வாரிசுகள் எல்லாம் வந்திருந்தார்கள். தாழி வீட்டையும் பாகு அறையையும் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு வந்தபோது டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். தமிழில் பேசினேன், பாய் அரபியில் சொன்னார். மடையைக் காட்டி, இது என் மனைவி கடிதத்தில் எழுதிக் கண்டுபிடித்தது என்றேன். முன்வரிசையில் ஒரு பெண், உன் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டார். எங்கள் ஊராட்சித் தலைவர் என்றேன்.

பாய் அதை என்னவென்று மொழிபெயர்த்தாரோ, பெண்கள் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். மலை முழுக்க எதிரொலித்தது. கூட்டம் கலைந்ததும், "என்ன சொன்னீங்க பாய்?" என்று கேட்டேன்.

"ஊருக்கே ஷேக்கா, ஊரை ஆளுற அம்மான்னு சொன்னேன்" என்றார். "பொய்யா?"

இல்லை என்றேன்.

மார்ச் 15-க்கு லீவு கிடைத்திருக்கிறது. உன் கணவன்,
உடையப்பன்